நாஸ் பெட்டிக்கு எந்தச் சான்றிதழ்? சேலத்துக் கடைக்கு ஒன்று, ஏற்காட்டு எஸ்டேட்டுக்கு வேறொன்று

நாஸ் என்பது ஆபீஸ் கோப்புகளை நெட்வொர்க்கில் சேமித்துப் பகிரும் பெட்டி. புதிதாக ஒன்றை ரௌட்டரில் செருகி, பிரவுசரில் அதன் ஐபி எண்ணை அடித்ததும் முதலில் கண்ணில் படுவது எச்சரிக்கைப் பக்கம்தான். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு டிசைன் படங்களைச் சேர்த்து வைக்கும் பட்டறையாகட்டும், ஃபேர்லேண்ட்ஸ் ஆடிட்டர் ஆபீஸாகட்டும், ஏற்காட்டில் காப்பி பறிக்கும் கூலிக் கணக்கை ஏற்றும் எஸ்டேட்டாகட்டும், எல்லாரும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள். ‘அட்வான்ஸ்டு’, பிறகு ‘ப்ரொசீட்’. இரண்டே கிளிக். பத்து நாளில் விரலுக்குப் பழகிவிடும். ஆபத்து அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது. நாளைக்கு நடுவில் புகுந்த ஒருவர் போலிப் பக்கத்தைக் காட்டினாலும் வரப்போவது இதே எச்சரிக்கை. விரலும் அதே இடத்தைத்தான் அழுத்தும். பாஸ்வேர்டு அவர் கைக்குப் போய்விடும்.

பெட்டி காட்டும் சான்றிதழை, அதாவது ‘நான்தான் இந்த சர்வர்’ என்று சொல்லும் டிஜிட்டல் அடையாளத்தை, பிரவுசர் நம்பாததால்தான் இந்த எச்சரிக்கை. அதை முறையாகப் போக்க, சேலத்து அஞ்சு ரோடு மாதிரி ஐந்து வழிகள் பிரிகின்றன: பெட்டி தானே போட்டுக்கொள்ளும் சான்றிதழ், சான்றிதழில் ஒப்பமிட நாமே நடத்தும் சிறு சான்றளிப்பு மையம், இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், காசு கொடுத்து வாங்குவது, சான்றிதழே இல்லாமல் கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபி. பலர் விலையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. முடிவுத் தேதி வரும்போது அதைப் புதுப்பிக்க யார் இருப்பார்? சான்றிதழோடு ஜோடியாக இருக்கும் ரகசியச் சாவிக் கோப்பு யார் கையில் இருக்கும்?

சான்றிதழ் தேவையே இல்லாத இடங்கள்

ஆபீசுக்குள் எல்லாரும் விண்டோஸ் ஷேர்டு ஃபோல்டரை இசட் டிரைவாக மாட்டித்தான் வேலை பார்க்கிறார்கள், வெளியிலிருந்து யாரும் வருவதில்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டாம். அந்த ஷேரிங் நடப்பது எஸ்எம்பி வழியில், வழக்கமான அமைப்பில் அது இந்தச் சான்றிதழ் எதையும் கேட்பதில்லை. பெட்டியின் அட்மின் பக்கத்தைத் திறப்பவருக்கு மட்டும்தான் எச்சரிக்கை வரும். பிரவுசர், மொபைல் செயலி, வெப்டேவ் (வெப் வழியாக ஃபோல்டரை மாட்டுவது), எஃப்டிபிஎஸ் (பூட்டிய எஃப்டிபி) ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று வந்தால்தான் சான்றிதழ் பேச்சே எழும்.

ஜிஎஸ்டிக்கும் கம்பெனி விவகாரத் தாக்கலுக்கும் வாங்கிய டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கனை சர்வரில் போட முடியுமா என்ற கேள்வி ஆடிட்டர் ஆபீஸ்களில் வரும். முடியாது. கிளாஸ் 3 டிஎஸ்சி என்பது ஓர் ஆளின் கையெழுத்து. அதில் இருப்பது ஆளின் பெயர், சர்வரின் பெயர் அல்ல. அதன் சாவியும் யுஎஸ்பி டோக்கனை விட்டு வெளியே வராது. வராமல் இருப்பதுதான் அதன் பயனே.

விண்டோஸில் ஒரு ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய் ‘என்கிரிப்ட்’ டிக் போட்டால் அங்கேயும் ஒரு சான்றிதழ் உருவாகிறது. அது சர்வர் சான்றிதழ் அல்ல, அந்த விண்டோஸ் பயனருக்கே உரியது. பிஎஃப்எக்ஸாக, அதாவது சாவியும் சான்றிதழும் சேர்ந்து பாஸ்வேர்டு போட்ட ஒரே கோப்பாக, எடுத்து வைக்காமல் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்தால் அந்தக் கோப்புகள் போனது போனதுதான். ஹார்டு டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டினாலும் திறக்காது. இந்தக் கட்டுரைக்கு அது வெளியே. ஆனால் அந்த டிக் யாராவது போட்டிருந்தால், நாஸைத் தொடுவதற்கு முன் அந்த பிஎஃப்எக்ஸை எடுத்துவிடுங்கள்.

கோப்பின் வாலைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கோப்புப் பெயரின் கடைசியில் வரும் சிஆர்டி, சிஇஆர் என்ற வால்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. ஒரே வாலுக்குள் எழுத்து வடிவக் கோப்பும் இருக்கலாம், பைனரியும் இருக்கலாம். சரியான சோதனை நோட்பேடில் திறந்து பார்ப்பது. முதல் வரி ஐந்து ஹைஃபனில் தொடங்கி ‘பிகின் சர்டிஃபிகேட்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது பெம், எழுத்து வடிவம். கட்டம் கட்டமாகப் புரியாத எழுத்துகள் வந்தால் அது டெர் (சான்றிதழின் பைனரி வடிவம்) ஆகவோ பிஎஃப்எக்ஸாகவோ இருக்கும். சேமிக்காமல் மூடிவிட்டு இரட்டைக் கிளிக் செய்யுங்கள். சான்றிதழ் ஜன்னல் நேரே திறந்தால் டெர். இறக்குமதி விசார்டு வந்து அடுத்தடுத்த பக்கத்தில் பாஸ்வேர்டு கேட்டால் பிஎஃப்எக்ஸ்.

பெம் கோப்பின் முதல் வரியைப் படிக்காமல் விடுவதில்தான் பாதிக் குழப்பமும் வருகிறது. ‘பிகின் சர்டிஃபிகேட் ரிக்வஸ்ட்’ என்றிருந்தால் அது விண்ணப்பம் மட்டும், சான்றிதழ் அல்ல. அதைச் சான்றிதழ் கட்டத்தில் ஏற்றிவிட்டு ‘செல்லாத கோப்பு’ என்று வந்ததும் பெட்டியைக் குறை சொல்பவர்கள் உண்டு. ‘பிகின் பிரைவேட் கீ’ என்றால் அது சாவி. நடுவில் ‘என்கிரிப்டட்’ என்ற சொல் இருந்தால் பாஸ்வேர்டால் பூட்டிய சாவி. பூட்டியது பத்திரம்தானே என்று அப்படியே சர்வரில் போட்டால், அப்பாச்சி போன்ற வெப் சர்வர் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அந்த பாஸ்வேர்டைக் கேட்டுக் காத்திருக்கும். இரவில் கரண்ட் போய் வந்தால், காலையில் யாராவது கீபோர்டில் அடிக்கும் வரை சர்வர் எழாது. நாஸ் பெட்டிகளின் இறக்குமதிப் பக்கமும் பூட்டிய சாவியைப் பொதுவாக ஏற்காது. சர்வரில் பூட்டில்லாத சாவி, அட்மின் மட்டும் படிக்கும் அனுமதியோடு. பூட்டிய பிரதி வெளியே பென் டிரைவில். நடைமுறைக்கு ஒத்துவருவது இந்த ஏற்பாடுதான்.

பி7பி என்ற வாலோடு ஒரு கோப்பு வரும். அதில் சான்றிதழ்ச் சங்கிலி, அதாவது சர்வரின் சான்றிதழும் அதில் ஒப்பமிட்ட இடைநிலைச் சான்றிதழும், இருக்கும், சாவி ஒருபோதும் இருக்காது. பிஎஃப்எக்ஸ், பி12 இரண்டும் ஒன்றுதான்: சாவி, சான்றிதழ், இடைநிலைச் சான்றிதழ் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி பாஸ்வேர்டு போட்டது. விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ் கேட்பது இதைத்தான். சினாலஜி நாஸ், ஃபைல்ஜில்லா சர்வர், அப்பாச்சி அல்லது எஞ்ஜின்எக்ஸ் மீது ஓடும் நெக்ஸ்ட்கிளவுட் ஆகியவை பெம் கேட்கும். ஜாவாவில் ஓடும் ஆவண மேலாண்மை மென்பொருள்கள் ஜாவாவுக்கே உரிய ஜேகேஎஸ் வடிவத்தைக் கேட்டு வந்தன. ஜாவா 9 முதல் இயல்பான வடிவமே பி12 ஆகிவிட்டதால் ஜேகேஎஸ்ஸுக்கு மாற்றும் பாடு பெரும்பாலும் மிச்சம்.

பிஎஃப்எக்ஸில் ஒரு கண்ணி இருக்கிறது. பாஸ்வேர்டைச் சரியாக அடித்தாலும் ‘தவறான பாஸ்வேர்டு’ என்று வரும். சான்றிதழ், சாவிக் கோப்புகளைக் கையாளும் கருவியான ஓப்பன்எஸ்எஸ்எல் 3 கட்டும் மூட்டையில் ஏஇஎஸ் 256 பூட்டு இருக்கும், விண்டோஸ் சர்வர் 2016-உம் அதற்கு முந்தியவையும் அதைத் திறக்கத் தெரியாமல் பாஸ்வேர்டின் மேல் பழி போடும். தலைகீழாகவும் நடக்கும்: பழைய விண்டோஸ் கட்டிய மூட்டையைப் புது ஓப்பன்எஸ்எஸ்எல் ‘லெகசி’ விருப்பம் கொடுக்காமல் திறக்காது. விண்டோஸ் 10-இன் ஏற்றுமதி விசார்டில் பாஸ்வேர்டு கேட்கும் பக்கத்தின் அடியில் ‘டிரிபிள் டெஸ்’ என்றும் ‘ஏஇஎஸ்’ என்றும் ஒரு தேர்வு இருக்கும். பழைய சர்வருக்குப் போகிறதென்றால் டிரிபிள் டெஸ்.

இறக்குமதியில் இன்னொன்று. விசார்டின் முதல் பக்கத்தில் ‘கரண்ட் யூசர்’ என்ற புள்ளி ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கும். அப்படியே ‘நெக்ஸ்ட்’ அழுத்தினால் சான்றிதழ் நல்லபடியாக ஏறிவிடும், ஐஐஎஸ் பட்டியலில் மட்டும் தெரியாது. சர்வருக்கு ‘லோக்கல் மெஷின்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாவியை ‘எக்ஸ்போர்ட்டபிள்’ ஆக்கும் டிக்கையும் யோசித்துப் போடுங்கள். போடாவிட்டால் இந்த மெஷினிலிருந்து சாவி பிறகு வெளியே வராது, மூல பிஎஃப்எக்ஸைத் தொலைத்தால் புதிதாக வாங்க வேண்டியதுதான். ஏற்றியபின் சான்றிதழைத் திறந்தால் முதல் தாவலின் அடியில் ஒரு சின்னச் சாவிப் படமும், இதற்குப் பொருந்தும் சாவி உங்களிடம் உள்ளது என்ற வரியும் இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் வந்தது வெறும் சான்றிதழ்.

சங்கிலி விட்டுப்போவது இன்னொரு பிரபலமான பிழை. கம்ப்யூட்டரில் பச்சை, மொபைல் செயலியில் பிழை என்றால் பத்தில் ஒன்பது முறை இடைநிலைச் சான்றிதழ் ஏறவில்லை. விண்டோஸ் விட்டுப்போன கண்ணியைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும், ஆண்ட்ராய்டு செயலிகள் பொதுவாக அப்படித் தேடுவதில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை எடுத்துத் தரும் சர்ட்பாட் மென்பொருள் போடும் ஃபோல்டரில் நான்கு கோப்புகள் இருக்கும். சர்வருக்குக் கொடுக்க வேண்டியது ‘ஃபுல்செயின்’, ‘பிரைவ்கீ’ இரண்டும். ‘சர்ட்’ என்ற பெயர் கவர்ச்சியாக இருக்கிறதே என்று அதைக் கொடுத்தால் சங்கிலி அறுந்துபோகும். சினாலஜி மூன்று கட்டம் காட்டும்: சாவி, சான்றிதழ், இடைநிலை. மூன்றாவதைக் காலியாக விட்டாலும் வாங்கிக்கொள்ளும் என்பதால்தான் பிழை பின்னால் வருகிறது. ஒரே கோப்பில் நீங்களே ஒட்டுவதானால் முதலில் சர்வரின் சான்றிதழ், அடியில் இடைநிலை. சங்கிலியின் உச்சியில் இருக்கும் வேர்ச் சான்றிதழ் வேண்டாம்.

ஒட்டும்போது வேர்டையும் வாட்ஸாப்பையும் நடுவில் விடாதீர்கள். வேர்டின் தானியங்கித் திருத்தம் ஐந்து ஹைஃபனை நீளக் கோடாக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாது, சர்வருக்குத் தெரியும். வாட்ஸாப்பில் அனுப்பிய சாவிக் கோப்பைப் பற்றி இன்னும் கறாராகச் சொல்ல வேண்டும்: அது எத்தனை ஃபோனில், எத்தனை பேக்கப்பில் கிடக்கிறதென்று யாரும் சொல்ல முடியாது. அந்தச் சாவியைக் கழித்துவிட்டுப் புதிதாக எடுங்கள்.

பெட்டி தானே போட்டது

இதை மட்டம் என்று ஒதுக்குவது சரியல்ல. பூட்டின் வலிமை விலைகொடுத்து வாங்கியதில் இருப்பதுதான். சாட்சி சொல்ல மூன்றாம் ஆள் இல்லை என்பது மட்டுமே குறை. அந்தச் சாட்சியை நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ள முடிந்தால் போதும். எஃப்டிபிஎஸ் வழியில் இது நன்றாகவே ஓடும். ஃபைல்ஜில்லா முதல் இணைப்பில் சான்றிதழின் கைரேகையைக் காட்டும். எஸ்எச்ஏ 256 என்ற வரியில் 64 எழுத்துகள். சர்வர் பக்கம் இருப்பவர் ஃபோனில் படிக்க, இந்தப் பக்கம் இருப்பவர் ஒப்பிட்டு, ‘எப்போதும் நம்பு’ டிக் போட்டு ஓகே. பிறகு கைரேகை மாறினால்தான் மறுபடி கேட்கும். அப்படிக் கேட்கும் நாளில் ஓகே அழுத்தாமல் ஃபோனை எடுக்க வேண்டும் என்று ஊழியருக்குத் தெரிந்திருந்தால், மூன்று பேர் கொண்ட பட்டறைக்கு வேறெதுவும் தேவையில்லை.

பிரவுசரிலும் மொபைலிலும் இதே முறை தோற்கும். பெட்டியோடு வரும் சான்றிதழில் பெயரும் பெரும்பாலும் தயாரிப்பாளரின் பொதுப் பெயராக இருக்கும். நீங்கள் அடிப்பது 192.168.1.20. பெயர் பொருந்தாத பிழை தனியாக வேறு வரும்.

நாமே நடத்தும் சான்றளிப்பு மையம்

பெயர்தான் பெரிது. ஒரு விண்டோஸ் லேப்டாப்பில் எக்ஸ்சிஏ என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் அரை நாள் வேலை. வேர்ச் சான்றிதழ் ஒன்றைப் பத்தாண்டுக்கு உருவாக்கி, அதைக்கொண்டு நாஸுக்கு ஒரு சர்வர் சான்றிதழில் ஒப்பமிட வேண்டும். இதில் தப்பாகும் இடங்கள் மூன்று.

முதலாவது, பெயர். பழைய வழக்கப்படி ‘காமன் நேம்’ கட்டத்தில் மட்டும் பெயரை எழுதினால் குரோம் ஏற்காது. 2017-இல் வந்த 58-ஆம் பதிப்பிலிருந்து ‘மாற்றுப் பெயர்’ பகுதியைத்தான் பார்க்கிறது. அங்கே பெயரையும் ஐபி எண்ணையும் இரண்டையும் சேருங்கள். பெயருக்கு ‘டாட் லோக்கல்’ வேண்டாம், பிரிண்டர்கள் தானாகக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் முறையோடு அது மோதும். தனிப் பயன்பாட்டுக்கென்றே இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐக்கேன் 2024-இல் ஒதுக்கிய ‘டாட் இன்டர்னல்’ இருக்கிறது. இரண்டாவது, காலம். சர்வர் சான்றிதழையும் பத்தாண்டுக்குப் போட்டால் ஐஃபோன் நிராகரிக்கும், இந்த வகைக்கு ஆப்பிளின் உச்சவரம்பு 825 நாள். 800 என்று போட்டால் இரண்டாண்டுக்கு மேல் கவலையில்லை. மூன்றாவது, எல்லை. ‘நேம் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்’ என்ற பகுதியில் உங்கள் உள்பெயரை மட்டும் எழுதி வேரைக் கட்டிப்போடுங்கள். ஐபி எண்ணையும் சான்றிதழில் சேர்த்திருந்தால் உங்கள் உள் ஐபி வரம்பையும் அங்கே எழுதுங்கள். நாளைக்கு வேரின் சாவி களவு போனாலும் அதைவைத்து வங்கியின் பெயரில் போலிச் சான்றிதழ் போட முடியாது. இதைச் செய்யாமல் ஊழியர்களின் ஃபோனில் வேரை ஏற்றச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஏற்றும் வேலைதான் இந்த வழியின் உண்மையான செலவு. விண்டோஸில் வேர்ச் சான்றிதழை இரட்டைக் கிளிக் செய்து, லோக்கல் மெஷின், பிறகு ‘டிரஸ்டட் ரூட்’ கிடங்கைக் கையால் காட்ட வேண்டும். தானாகத் தேர்ந்தெடுக்க விட்டால் வேறு கிடங்கில் போய் உட்கார்ந்துவிடலாம். ஐஃபோனில் ப்ரொஃபைல் ஏற்றினால் பாதி வேலைதான் முடிகிறது. ‘ஜெனரல்’, ‘அபௌட்’, அதன் கடைசியில் ‘சர்டிஃபிகேட் டிரஸ்ட் செட்டிங்ஸ்’ போய் சுவிட்சைத் தள்ளினால்தான் நம்பும். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். ஆண்ட்ராய்டில் பிரவுசர் ஒத்துக்கொள்ளும். ஆனால் ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் ஏற்றிய வேரைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. உங்கள் கோப்புச் செயலி நம்புகிறதா என்று ஒரு ஃபோனில் சோதித்துவிட்டுத்தான் மற்ற ஃபோன்களைத் தொட வேண்டும். பத்து கருவிகள் வரை தாங்கும். வாடிக்கையாளர்களும் உள்ளே வர வேண்டுமென்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

வேரின் சாவி நாஸில் இருக்கக் கூடாது. பாஸ்வேர்டோடு இரண்டு பென் டிரைவ், ஒன்று முதலாளி வீட்டு பீரோவில்.

லெட்ஸ் என்கிரிப்ட்

சொந்தமாக ஒரு டொமைன் பெயர் இருந்தால், பெரும்பாலான சேலத்து ஆபீஸ்களுக்கு இதுதான் எங்கள் தேர்வு. இலவசம் என்பதை விட, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதற்காக. வழக்கமான சான்றிதழ் 90 நாள், 60-ஆம் நாள் வாக்கிலேயே மென்பொருள் புதிதை எடுத்துவிடும். ஒரு மாத அவகாசம் கையில் இருப்பதால் நெட் இரண்டு நாள் போனாலும் பாதகமில்லை.

டொமைன் உங்களுடையதுதான் என்று காட்ட இரண்டு வழிகள் அதிகம் புழங்குகின்றன. 80-ஆம் போர்ட் வழியாக வெளியிலிருந்து வந்து பார்ப்பது ஒன்று. டொமைன் பெயரை ஐபி எண்ணோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில் ஒரு டெக்ஸ்ட் பதிவு போட்டுக் காட்டுவது மற்றொன்று. முதலாவது பல இடங்களில் கிட்டவே வராது, காரணம் சிஜிநாட். ரௌட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபியை, அதாவது வெளிப்பக்க எண்ணை, பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் உங்களுக்கென்று தனி வெளி எண் இல்லை, பல வீடுகளோடு சேர்த்து ஒரே எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். போர்ட் ஃபார்வர்டிங் எத்தனை முறை போட்டாலும் யாரும் உள்ளே வர முடியாது. நிலையான ஐபி வாங்கலாம். சான்றிதழுக்காக மட்டும் வாங்க வேண்டியதில்லை, டிஎன்எஸ் வழி போதும்.

டிஎன்எஸ் வழியின் அழகு, பெட்டி வெளியுலகுக்குத் தெரியவே வேண்டாம். டொமைனின் டிஎன்எஸ்ஸை ஏபிஐ (மென்பொருளே பதிவை மாற்றும் வழி) தரும் சேவை ஒன்றில், கிளவுட்ஃபிளேர் மாதிரி, வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு டோக்கன் எடுங்கள், அந்த ஒரு டொமைனின் டிஎன்எஸ்ஸை மாற்றும் உரிமை மட்டும் உள்ளதாக. முழுக் கணக்கின் சாவியைக் கொடுத்தால் நாஸ் களவுபோகும் அன்று டொமைனும் போகும். சான்றிதழ் எடுக்கும் மென்பொருள் லினக்ஸில் சர்ட்பாட், நாஸில் ஆக்மி.எஸ்எச், விண்டோஸில் வின்-ஆக்மி. கடைசியாகச் சொன்னது பெம், பிஎஃப்எக்ஸ் இரண்டையும் எழுதித் தரும். சினாலஜியின் சொந்த டிடிஎன்எஸ் (மாறும் ஐபியைத் தொடரும்) பெயரை எடுத்துக்கொண்டால் இந்த வேலையையெல்லாம் பெட்டியே பார்த்துக்கொள்ளும்.

இதன் பிறகு வரும் தலைவலிக்கு ஏற்காட்டு மலைப்பாதையின் பெயர்தான்: ஹேர்பின். ஃபோனில் மொபைல் டேட்டாவில் திறக்கிறது, ஆபீஸ் வைஃபையில் திறக்கவில்லை என்றால், உள்ளே இருந்து கிளம்பிய இணைப்பு ரௌட்டரின் வெளி எண் வரை போய்க் கொண்டை ஊசி வளைவு போட்டு உள்ளே திரும்ப வேண்டியிருக்கிறது. சில ரௌட்டர்களுக்கு அந்த வளைவு திரும்பத் தெரியாது. ஐபியை அடித்துத் திறக்கலாம், ஆனால் சான்றிதழில் இருப்பது பெயர், எச்சரிக்கை மீண்டும் வரும். ரௌட்டரின் உள் டிஎன்எஸ்ஸில் அதே பெயருக்கு 192.168.1.20 என்று எழுதிவைத்தால் தீர்ந்தது.

தானாகப் புதுப்பிப்பு என்பதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. கோப்பு புதிதாகிவிட்டது, சேவை இன்னும் பழையதையே நினைவில் வைத்துக்கொண்டு ஓடுகிறது. 90-ஆம் நாள் காலையில் எல்லாம் சிவப்பு. புதுப்பித்த உடனே சேவையை ரீலோட் செய்யும் கட்டளையை சர்ட்பாட்டின் ‘டிப்ளாய் ஹூக்’ பகுதியில் கொடுத்தாக வேண்டும். கோப்பை நகலெடுக்கும் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள், ‘லைவ்’ ஃபோல்டரில் இருப்பவை வெறும் குறுக்குவழிகள், உண்மைக் கோப்பு ‘ஆர்க்கைவ்’ ஃபோல்டரில் என்பதைக் கவனியுங்கள். முடிவுத் தேதி நெருங்கினால் வந்துகொண்டிருந்த நினைவூட்டல் மின்னஞ்சலையும் லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. நினைவூட்டல் உங்கள் பொறுப்பு.

சர்ட்பாட் 2.0 முதல் இசிடிஎஸ்ஏ வகைச் சாவியைத்தான் இயல்பாக எடுக்கிறது. பழைய ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் நேராக எஃப்டிபிஎஸ்ஸுக்குப் போகும் ஆபீஸில், மாற்றிய மறுநாளே ஸ்கேன் நின்றுவிடலாம். அப்படியானால் ஆர்எஸ்ஏ 2048 என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, பொதுச் சான்றிதழில் இருக்கும் பெயர்கள் எல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏறும், யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். வாடிக்கையாளரின் பெயரைச் சப்டொமைனாக வைக்காதீர்கள். தேவையென்றால் வைல்டுகார்டு, அது டிஎன்எஸ் வழியில் மட்டுமே கிடைக்கும்.

காசு கொடுத்து வாங்குவது

ஒரு காலத்தில் இதற்கு இருந்த நியாயம், ஒருமுறை ஏற்றினால் வருஷக்கணக்கில் பார்க்க வேண்டாம் என்பது. அந்த நியாயம் கரைந்துகொண்டிருக்கிறது. பொதுச் சான்றிதழின் உச்ச ஆயுள் 2020 செப்டம்பர் முதல் 398 நாளாக இருந்தது. பிரவுசர் நிறுவனங்களும் சான்றளிப்பு நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி அது 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். மூன்று வருஷப் பேக்கேஜ் என்று விற்பது மூன்று வருஷக் கட்டணத்தை மட்டும்தான். சான்றிதழை இடையிடையே மறுபடி எடுத்து ஏற்ற வேண்டும். கையால் ஏற்றுபவர் 2029-இல் வருஷத்துக்கு ஏழெட்டு முறை ஏற்றுவார்.

முகவரிப் பட்டையில் கம்பெனி பெயர் பச்சையில் தெரியும் என்று இன்னும் யாராவது சொன்னால், குரோமும் ஃபயர்பாக்ஸும் அதை 2019-லேயே எடுத்துவிட்டன. எதிர்த்தரப்பு நிறுவனம் ஒப்பந்தத்திலேயே ஓவி (நிறுவனத்தைச் சரிபார்த்துத் தரும்) சான்றிதழ் வேண்டும் என்று கேட்டால் வாங்குங்கள், ஏற்றுமதி ஆர்டர்களில் அப்படிக் கேட்பதுண்டு. வேறு காரணம் எங்களுக்குத் தோன்றவில்லை.

எஸ்எஃப்டிபி

எஃப்டிபிஎஸ்ஸோடு பெயர்க் குழப்பம் தவிர இரண்டுக்கும் உறவில்லை. இது எஸ்எஸ்எச் வழி, 22-ஆம் போர்ட் ஒன்று போதும். எஃப்டிபிஎஸ்ஸுக்கு 21 அல்லது 990, அதோடு கோப்பு போய்வரும் பாஸிவ் போர்ட்கள் ஒரு கொத்து திறக்க வேண்டும். எஸ்எஃப்டிபியில் சான்றிதழ் இல்லை, முடிவுத் தேதி இல்லை, சர்வரை அடையாளம் காட்டும் ஹோஸ்ட் கீ என்ற சாவி மட்டும். வின்எஸ்சிபி என்ற எஸ்எஃப்டிபி மென்பொருள் முதல் இணைப்பில் அதன் கைரேகையைக் காட்டும், ஒப்பிட்டுப் பார்த்து ஏற்கலாம். நாஸை ரீசெட் செய்தால் சாவி மாறி எச்சரிக்கை வரும், அது சரியான எச்சரிக்கை. ராத்திரி 11 மணிக்குக் கணக்கு பேக்கப்பைத் தானாக அனுப்பும் வேலைக்கு இதை மிஞ்சியது இல்லை. பிரவுசரில் படம் காட்ட இதனால் முடியாது, அவ்வளவுதான்.

ஆக, யாருக்கு எது

வாடிக்கையாளர் லிங்க்கைத் திறந்து டிசைன் பார்க்கும் வெள்ளிக் கடைக்கும், கிளையன்ட்கள் ஆவணம் ஏற்றும் ஆடிட்டருக்கும் லெட்ஸ் என்கிரிப்ட், டிஎன்எஸ் வழியில். அங்கே இரண்டாம் யோசனையே வேண்டாம். டொமைன் வேறொருவர் பெயரில், வெப்சைட் செய்து கொடுத்தவர் கணக்கில் இருந்தால் முதல் வேலை அதை உங்கள் பெயருக்கு மாற்றுவது. டொமைன் யாருடையதோ சான்றிதழும் அவருடையதுதான்.

மூன்று நான்கு பேர் மட்டும் எஃப்டிபிஎஸ்ஸில் கோப்பு பரிமாறும் பட்டறைக்குப் பெட்டியின் சொந்தச் சான்றிதழ் போதும், கைரேகையை ஒப்பிட்டிருந்தால்.

ஏற்காட்டு எஸ்டேட்டுக்கு எங்கள் பதில் வேறு. மழைக்காலத்தில் மரம் விழுந்து கேபிள் அறுந்தால் சரியாகும் வரை நெட் இல்லை, கணினி ஆள் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். உள்ளே நாலைந்து கம்ப்யூட்டரும் மேனேஜர் ஃபோனும்தான். அங்கே சொந்தச் சான்றளிப்பு மையம், 800 நாள் சான்றிதழ். காப்பி பறிப்புப் பருவமான நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் முடிவுத் தேதி விழாதபடி நாளை எண்ணிப் போடுங்கள். சேலத்து ஆபீசுக்குக் கணக்கு இறங்குவது எஸ்எஃப்டிபியில். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

மலைமேல் இன்னொரு கோளாறும் வரும், சான்றிதழுக்கு அதில் பங்கே இல்லை. நீண்ட கரண்ட் கட்டுக்குப் பிறகு எல்லா கம்ப்யூட்டரிலும் நாஸ் திறக்கிறது, ஒன்றில் மட்டும் ‘இந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று வருகிறது. சான்றிதழை மாற்றாதீர்கள். அந்தக் கம்ப்யூட்டரின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருஷம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்துவிட்டது, நெட்டும் இல்லாததால் கடிகாரம் தானே சரியாகவில்லை. புது பேட்டரியைப் போட்டு, தேதியைத் திருத்தி, பிரவுசரை மூடித் திறந்தால் போதும்.